டயருக்குள் கிடக்கும் தண்ணீர்

போன மாதம் சித்தோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் என் பெரியம்மா மகளின் பையன். இன்ஜினியரிங் படித்து, நாலு வருஷம் பெங்களூரில் வேலை பார்த்து, இப்போது ஊரோடு வந்து விவசாயம் செய்கிறான். சமீபத்தில் பழைய டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். ரசம் ஊற்றும் நேரத்தில் மெதுவாகக் கேட்டான்.

“மாமா, பின் டயருக்குத் தண்ணி ஊத்தலாமுங்களா? மேட்டாங்காட்டுல சட்டிக் கலப்பை போட்டா சக்கரம் சும்மா சுத்துது.”

“தாராளமா ஊத்து கண்ணு. எப்ப எடுப்பே?”

அவன் சிரித்துவிட்டான். “எடுக்கறதுங்களா? ஊத்துனதை எதுக்குங்க மாமா எடுக்கோணும்?”

அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பாயசம் வந்தது, பிறகு மோர் வந்தது, பிறகு அவனை யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பந்தியில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். அவனுக்கும் இதை அனுப்பப் போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராக்டர் டயருக்குத் தண்ணீர் ஊற்றுவது தப்பே இல்லை. வீட்டிலேயே செய்யலாம், கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நம் பக்கத்தில் எல்லாரும் ஒரு தடவை ஊற்றிவிட்டு அந்த வண்டி ஆயுசுக்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுதான் தப்பு. ஊற்றினால் வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கப் போவதில்லை என்றால், உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று வண்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது என் தலையில் இருக்கும் ஒரு பாரம். கொஞ்சம் பொறுத்து அதற்கு வருகிறேன்.

டயருக்குத் தண்ணீர் எதற்கு என்று வீட்டில் சமையலறையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. வாசகர்களிலும் சிலர் கேட்கலாம். நம் வயதுக்காரர்களுக்குப் பரம்படித்தது நினைவிருக்கும். மாடு பரம்புப் பலகையை இழுக்கும்போது பலகை மண்ணில் அழுந்தாமல் மேலே மேலே போகும். அப்பா என்னையும் தம்பியையும் பலகைமேல் ஏறி நிற்கச் சொல்வார். எங்கள் எடை பட்டதும் பலகை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதே சங்கதிதான் இதுவும். டிராக்டருக்கு இன்ஜினில் பலம் இருந்தால் போதாது, அந்தப் பலத்தை மண்ணுக்குக் கொண்டு போகச் சக்கரத்தின்மேல் எடை வேண்டும். எடை இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், டீசல் எரியும், டயர் பூ தேயும், கலப்பை நகராது. எடைக்கு இரும்பு வெயிட் வாங்கி மாட்டலாம், அதற்குக் காசு வேண்டும். தண்ணீருக்குக் காசு இல்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கும் சுலபம்.

நம் ஊரில் 35, 40 குதிரைத் திறன் வண்டிகளுக்கு 13.6-28 என்ற அளவு பின் டயர் வெகு சாதாரணம். அதில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 380 கிலோ. வண்டியே 1,700 கிலோ சுற்றளவில்தான் இருக்கும். அதன்மேல் ஐந்தாறு பேர் எந்நேரமும் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் ஊற்றியது 1999 கோடையில். அப்போது வங்கியில் கள அதிகாரியாக இருந்தேன். ஊர் ஊராகப் போய் டிராக்டர் கடன் கொடுப்பதும், தவணை கட்டாதவர்களைத் தேடிப் போவதும் என் வேலை. எங்கள் குடும்பத்துக்குக் கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் 2 ஏக்கர் வயலும், மேட்டில் 5 ஏக்கர் காடும். மூன்று வருஷம் முன்பு ஒரு பழைய மாஸி 1035 வாங்கியிருந்தேன். மேட்டாங்காடு இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் இறுகிப் போயிருந்தது. சட்டிக் கலப்பையை இறக்கினால் வண்டி உறுமும், நகராது. எங்கள் டிரைவர் அண்ணன்தான் சொன்னார், தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது. களத்தில் கெட்டியான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தோம். பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பும் வரை தூக்கி, அச்சுக்கு அடியில் பனங்கட்டை ஒன்றை முட்டாகக் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்பது அண்ணன் சட்டம். சக்கரத்தைச் சுற்றி மவுத்து, அதாவது வால்வு, நேர் மேலே வரும்படி நிறுத்தினோம். வால்வு பின்னைக் கழற்றினால் காற்று சீறிக்கொண்டு போகும். டிராக்டர் டியூபின் வால்வில் பின் மட்டுமல்ல, அதைத் தாங்கும் உள்குழலும் தனியாகக் கழன்று வரும். தண்ணீர் ஊற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் வாய் பெரிதாகும், தண்ணீர் சீக்கிரம் இறங்கும்.

மாடித் தொட்டியிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்து வால்வில் இறுக்கிக் கட்டினோம். தொட்டி உயரமே அழுத்தம் கொடுக்கும், மோட்டார் தேவையில்லை. தண்ணீர் உள்ளே போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வேண்டுமே. அதற்கென்று ஓட்டை வைத்த ஒரு பித்தளை இணைப்பு கடையில் உண்டு. எங்களிடம் அது இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓஸைப் பிடுங்கினால் டயர் ஏப்பம் விடும். முகத்தில் தண்ணீர் அடிக்கும். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்த ஏப்பத்துக்காகவே அன்று முழுவதும் களத்தை விட்டு அவள் நகரவில்லை.

வால்வு உச்சியில் இருக்கும்போது வால்வு வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். அதுதான் முக்கால் அளவு. அதற்கு மேல் ஊற்றக் கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். கல்லில் ஏறினால் குலுக்கலை வாங்கிக்கொள்ள மேலே காற்று இருந்தே ஆக வேண்டும். பிறகு குழலையும் பின்னையும் மாட்டி, காற்று அடித்து 12லிருந்து 14 பவுண்டுக்குள் வைத்தோம். காற்றின் இடம் குறைவாக இருப்பதால் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் தண்ணீர் டயருக்கு அடிக்கடி காற்றுப் பார்க்க வேண்டும். அதையும் வால்வு மேலே இருக்கும்போது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் போய்விடும்.

மறுநாள் சட்டிக் கலப்பை போட்டபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி நின்று இழுத்தது. அன்று சாயங்காலம் நான் பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

குளிர் நாடுகளில் இது இவ்வளவு சுலபமில்லை. தண்ணீர் டயருக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். அது தண்ணீரைவிடக் கனம், உறையாது, ஆனால் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். அதற்குப் பயந்து பீட் கிழங்குச் சாற்றை ஊற்றுகிறவர்களும் உண்டு. அங்கே இது செலவு பிடித்த காரியம், அதனால் எதை ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். நமக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். சும்மா கிடைப்பதால் ஊற்றியது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, ஏன் எடுக்க வேண்டும்? முதல் விஷயம் வயல். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கிறோம். சேற்றில் வண்டி மிதக்க வேண்டும். அதற்காகத்தான் கேஜ் வீல் அவ்வளவு அகலம். அந்த நேரத்தில் டயருக்குள் 380 கிலோவைச் சுமந்துகொண்டு வயலில் இறங்கினால் வண்டி அழுந்தும். அழுந்தினால் வெளியே இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும். மேட்டில் நமக்கு நண்பனாக இருந்த அதே எடை வயலில் எதிரி. மேட்டாங்காடும் வயலும் இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒரே வண்டியை இரண்டுக்கும் ஒரே எடையில் ஓட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. 1999லிருந்து பல வருஷம் நானும் அப்படித்தான் ஓட்டினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரோடு. கரும்பு டிரெய்லர் இழுக்கவும் உர மூட்டை ஏற்றவும் வண்டி பாதி நாள் தார் ரோட்டில்தான் ஓடுகிறது. அங்கே இந்தத் தண்ணீரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 380 கிலோவை ஆலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறோம், அதற்கும் டீசல். பிரேக் போட்டால் அந்த எடையும் சேர்ந்து தள்ளும்.

மூன்றாவது மண். மேல் மண் இறுகுவது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது, அதை உழவு ஓட்டிச் சரி பண்ணிவிடலாம். ஒரு முழத்துக்குக் கீழே இறுகுவது அச்சின்மேல் இருக்கும் மொத்த எடையைப் பொறுத்தது. அது கண்ணுக்குத் தெரியாது, சாதாரண உழவுக்கும் எட்டாது. நெல் வயலுக்குக் கீழே ஒரு கெட்டிப் படுகை இருந்தால் தண்ணீர் நிற்கும், நல்லதுதான். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற காட்டில் அதே படுகை வேரைத் தடுக்கும், மழைத் தண்ணீரை இறங்க விடாது. அதை உடைக்க உளிக் கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள். உளிக் கலப்பை இழுக்க வண்டிக்கு எடை போதாது. அதற்கு என்ன செய்வோம்? டயருக்குத் தண்ணீர் ஊற்றுவோம். இந்த வேடிக்கையை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

என் மச்சானிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கறதுங்க மாப்பிள்ளை, தண்ணி இருந்தாத்தான் வண்டி நின்னு இழுக்கும்” என்பார். அவர் சொல்வது பாதி சரி. எப்போது இழுக்க வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. ஒன்பது கொத்துக் கலப்பையோடு உழுத காட்டை மறுஉழவு ஓட்ட இந்த எடை தேவையே இல்லை. தேவையா இல்லையா என்று அவரவர் காட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், நிபுணர் யாரும் வர வேண்டாம். பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை மண்ணில் இறக்கி ஓட்டி, சக்கரம் சரியாக 10 சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எட்டரையிலிருந்து ஒன்பது சுற்று வந்தால் சக்கரம் 10லிருந்து 15 சதவீதம் வழுக்குகிறது என்று அர்த்தம். அது சரியான அளவு, தண்ணீர் வேண்டாம். ஏழரை, ஏழு என்று வந்தால் எடை போதவில்லை, ஊற்றலாம். ஒன்பதரைக்கு மேல் வந்தால் எடை அதிகம், எடுத்துவிடலாம். கொஞ்சம் வழுக்குவது வண்டிக்கு நல்லது. கொஞ்சமும் வழுக்காத வண்டி தன் கியரையும் அச்சையும் தின்றுகொண்டிருக்கிறது.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் இருக்கிறது. பின்னால் தண்ணீர் ஊற்றினால் முன்பக்கம் தூக்காது என்று நினைக்கிறார்கள். இது தலைகீழ். முன்பக்கம் தூக்காமல் இருக்க முன்னால்தான் வெயிட் மாட்ட வேண்டும். பின் டயரில் தண்ணீர் இல்லாத வண்டி பாரம் தாங்காவிட்டால் சக்கரம் வழுக்கி நின்றுவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு. தண்ணீர் இருந்தால் சக்கரம் மண்ணை விடாது, அப்போது எழும்புவது முன்பக்கம்தான். காற்றில் விழுந்த ஒரு தென்னையை இழுக்க எங்கள் அண்ணன் சங்கிலியைக் கீழ்க் கொக்கியில் மாட்டாமல் மேலே டாப் லிங்க் இருக்கும் இடத்தில் மாட்டிவிட்டார். கிளட்ச்சை விட்டதும் முன் சக்கரம் இரண்டும் இடுப்பு உயரம் எழும்பின. அவர் கால் தானாகக் கிளட்ச்சை மிதித்ததால் வண்டி திரும்பக் கீழே விழுந்தது. அரை விநாடி தாமதித்திருந்தால் வண்டி அவர்மேல் கவிழ்ந்திருக்கும். இறங்கி வந்து வெகுநேரம் பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சங்கிலி எப்போதும் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

இப்போது என் பாரத்துக்கு வருகிறேன்.

2011இல் அந்த வண்டியை விற்றேன். பணி ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது, டிரைவர் அண்ணனுக்கும் வயதாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாங்கினார். எனக்கு வங்கியில் பழக்கமானவர், கடனை ஒழுங்காகக் கட்டியவர். வண்டியைக் களத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் காட்டினேன். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், இன்சூரன்ஸ், ஆயில் மாற்றிய தேதி, லிஃப்டில் இருந்த சின்னக் கசிவு, பேட்டரி மாற்ற வேண்டும் என்பது எல்லாம் சொன்னேன். பத்தொன்பது வருஷம் டிராக்டர் கடன் கொடுத்தவன் அல்லவா, ஒன்றையும் மறைக்கவில்லை என்று எனக்குள்ளே ஒரு திருப்தி. பின் டயரில் தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக உள்ளே இருந்தது எனக்கே ஞாபகத்தில் இல்லை.

நாலு மாதம் கழித்து அவர் காட்டில் வலது பின் டயரில் கருவேல முள் ஏறியது. காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டியிருக்கும், மழை பெய்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவர் மகன், அப்போது பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போகலாம் என்று புறப்பட்டான். அதற்கு முன் அவர்கள் வீட்டுச் சின்ன வண்டியின் சக்கரத்தை இருவரும் அப்படிக் கழற்றியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத சக்கரத்தை இரண்டு இளவட்டங்கள் சாய்த்துப் பிடித்து உருட்டிவிடலாம். தண்ணீரோடு அது 300 கிலோவைத் தாண்டும். அதோடு உள்ளே தண்ணீர் ஆடும். ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். கடைசி நட்டைக் கழற்றியதும் சக்கரம் அவன் பக்கம் சாய்ந்தது. பிடிக்கப் பார்த்திருக்கிறான். தொடை எலும்பும் முழங்காலும் போயின.

செய்தி எனக்கு வந்தது இரண்டு நாள் கழித்து. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வாங்க சார்” என்று நாற்காலியைக் கொடுத்தார். “தண்ணி ஊத்தியிருந்தீங்களாங் சார்?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை நான் கொடுத்தேன், வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பையன் அந்த வருஷப் பரீட்சை எழுதவில்லை. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறான், இடது காலைச் சற்று இழுத்து வைப்பான். இப்போது மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான்.

எல்லாரும் ஆறுதலாகச் சொன்னார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் கழற்றியது அவன் தப்பு என்றார்கள். நியாயம்தான். ஆனால் அவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்? இரும்பு வெயிட் மாட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வெளியே தெரியாது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெறும் எடை எத்தனை கிலோ என்று ஒரு கட்டம் உண்டு, டயரில் தண்ணீர் உண்டா இல்லையா என்று கட்டம் இல்லை. நான் எழுதிய எத்தனையோ கடன் விண்ணப்பங்களில், பழைய வண்டிக்கு மதிப்புப் போட்ட தாள்களில், டயர் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளிலும் எழுதியதில்லை.

எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது தெரியாததாலும் பலர் ஏமாறுகிறார்கள். ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, இந்தத் தடவை வால்வை நேர் கீழே கொண்டுவந்து பின்னையும் குழலையும் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிடும். “காலி ஆயிடுச்சு” என்று பின்னை மாட்டிவிடுவார்கள். ஆகவில்லை. வால்வு இருப்பது ரிம் ஓரத்தில். அதற்கும் கீழே டயரின் வயிறு தொங்குகிறது. அதில் இருக்கும் தண்ணீர் எப்படி மேலே ஏறி வரும்? வால்வு மேலே இருக்கும்போது முக்கால் பங்கு நிரம்புகிறது என்றால், வால்வு கீழே இருக்கும்போது கால் பங்கு தங்குகிறது. நாம் ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு டயருக்கு 60 லிட்டருக்கு மேல். பாதியும் காலியுமாக ஆடுகிற தண்ணீர் அது. அதையும் எடுக்க, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வால்வு வழியாக டயரின் அடிவரை உள்ளே விட வேண்டும். பக்கத்தில் காற்று ஏற்றும் வழியும் உள்ள இணைப்பு கிடைக்கிறது. கம்பரசர் காற்று உள்ளே போகப் போக, தண்ணீர் அந்தக் குழாய் வழியாக ஏறி வெளியே வரும். இணைப்புக் கிடைக்காவிட்டால் பஞ்சர் கடைக்காரரைக் களத்துக்கே கூட்டி வந்துவிடுங்கள். சக்கரத்தை மட்டும் கழற்றாதீர்கள். வடிகிற தண்ணீரைத் தென்னைக்கு விடலாம், வெறும் கிணற்றுத் தண்ணீர்தானே.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கழற்றுவதற்கு முன் சோதிக்கவும் இதே வழிதான். வால்வைக் கீழே கொண்டுவந்து பின்னை ஒரு குச்சியால் அழுத்துங்கள். காற்று வந்தால் பெரும்பாலும் சரி, தண்ணீர் வந்தால் உள்ளே நிறைய இருக்கிறது. காற்று வந்தாலும் அடியில் கால் பங்கு தங்கியிருக்கலாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டி விட்டுக் காதை வைத்தால் குடத்துத் தண்ணீர் மாதிரி சத்தம் கேட்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் டிராக்டர் வாங்கவில்லை, வாடகைக்கு ஓட்டிக்கொள்கிறேன். உழவுக்கு வருகிற தம்பியின் வண்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்பேன். அவனும் அவன் வண்டி மட்கார்டின் உள்பக்கம் வெள்ளை எனாமலில் எழுதியிருக்கிறான், நான் கேட்டுக் கேட்டு. மகன்களிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வண்டியில் எப்போதோ நீங்கள் ஊற்றியது இன்னும் இருக்கலாம். பையனுக்குத் தெரியுமா என்று இன்று சாயங்காலமே கேட்டுவிடுங்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் கல்யாணத்தில் பார்த்த பையன் போன் செய்தான். தண்ணீர் ஊற்றிவிட்டானாம், மேட்டாங்காட்டில் வண்டி நன்றாக இழுக்கிறதாம். மட்கார்டில் எழுது என்றேன்.

“எழுதிட்டனுங் மாமா. தேதி போட்டு, ரெண்டு டயருக்கும் சேத்து 380 லிட்டர்னு எழுதியிருக்கறன்.”

“கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கறயா?”

“அது எதுக்குங்க மாமா?”

“எடுத்த தேதி எழுதறதுக்கு.”

சரிங்க என்றான். அவனுக்கும் ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.